எல்லாம் இருக்கிறவர்களுக்கு என்ன கொடுப்பது?

(ஜூபிலி ஆண்டின் முதியோர் ஞாயிறன்று பங்குத் தந்தை ஆற்றிய உரை)



சென்ற ஞாயிறு பூசை முடிந்து வெளியே வருகையில் ஒரு தம்பதியர் என்னை நிறுத்தினார்கள். "சாமி, வருகிற மாதம் அம்மாவுக்கு எண்பது வயது முடிகிறது. என்ன வாங்கிக் கொடுப்பதென்று தெரியவில்லை. சேலை எடுத்தால் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். டி.வி. இருக்கிறது, செல்போன் இருக்கிறது, கட்டில் மெத்தை இருக்கிறது. எல்லாம் இருக்கிறது" என்றார்கள். நான் உடனே பதில் சொல்லவில்லை. காரணம், அதே கேள்விக்கு என் வாழ்வில் தவறான விடை கொடுத்தவன் நான். இன்று உங்கள் அனைவர் முன்னிலையிலும் பதில் சொல்லுகிறேன்.

முதலில் வேதத்தைப் பார்ப்போம். ஒரு முதியவர் தமக்கு என்னென்ன வேண்டுமென்று எழுதிய பட்டியல் ஒன்று அதில் இருக்கிறது. திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகம், நான்காம் அதிகாரத்தைப் புரட்டுங்கள். புனித சின்னப்பர் சிறையில் இருக்கிறார். சாவு நெருங்கிவிட்டதென்று அவருக்குத் தெரியும். துரோவாவில் விட்டுவந்த போர்வையைக் கேட்கிறார். ஏடுகளைக் கேட்கிறார். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னதாக அவர் கேட்பது ஒன்று: நீ சீக்கிரம் புறப்பட்டு வா என்பதே. திருமுகத்தை முடிக்குமுன் அதையே மறுபடியும் சொல்லுகிறார். குளிர்காலத்துக்கு முன்பே வரப் பார் என்கிறார். ஏன் குளிர்காலம்? அந்நாட்களில் குளிர்காலம் வந்துவிட்டால் மத்தியதரைக் கடலில் கப்பல் போக்குவரத்து ஏறக்குறைய நின்றுபோகும். இப்போது தவறினால் பல மாதங்கள் காத்திருக்க வேண்டும். காத்திருக்கத் தமக்குக் காலம் இல்லை என்பது அந்த முதியவருக்குத் தெரியும்.

போர்வை வேண்டாமென்று சின்னப்பர் சொல்லவில்லை. குளிருக்குப் போர்வை தேவைதான். ஆனால் போர்வையைக் கொண்டுவருகிற பிள்ளை யார் என்பதே அவருக்கு முக்கியம்.

இனி என் கதைக்கு வருகிறேன். வருடத்துக்கு இரண்டுமுறை நான் அம்மாவைப் பார்க்கப் போவேன். வெறுங்கையோடு போனதில்லை. கம்பளி, டார்ச் லைட், ஒருமுறை வேளாங்கண்ணியிலிருந்து வெள்ளி ஜெபமாலை. காலையில் போய் மாலையில் திரும்பிவிடுவேன். போகும்போதெல்லாம் அம்மா ஒன்றே ஒன்று கேட்பார்கள்: "சாமி, நம்ம குடும்பத்துல செத்துப்போனவங்க பேரெல்லாம் நான் சொல்றேன், ஒரு நோட்டுல எழுதிக்கிடுங்க. கல்லறைத் திருநாள் பூசையில வாசிக்க உதவும்." பெற்ற மகனையே சாமி என்று அழைத்தார்கள். நான் சொன்ன பதில், "அடுத்த தடவை பார்ப்போம்மா, பங்கில் வேலை இருக்கிறது" என்பதே.

அடுத்த தடவை வரவில்லை. அடக்கம் முடிந்து பெட்டியைத் திறந்தபோது கம்பளி மடிப்புக் கலையாமல் இருந்தது. டார்ச் லைட் அட்டைப் பெட்டியிலேயே இருந்தது. வெள்ளி ஜெபமாலையும் அப்படியே. அம்மா கையில் வைத்துப் புதைத்தது, நூல் கட்டிச் செப்பனிட்ட பழைய மரமணி ஜெபமாலையைத்தான்.

ஒவ்வொரு ஆண்டும் நவம்பர் 2-ம் தேதி நீங்கள் கொடுக்கும் பெயர்களையெல்லாம் பீடத்தில் வைத்து வாசிக்கிறேன். என் சொந்தப் பட்டியல் தாத்தா பாட்டியோடு நின்றுவிடுகிறது. அவர்களுக்கு முந்தியவர்கள் யார், எனக்கு வேதம் வந்த வழி எது என்பதெல்லாம் அம்மாவோடு மண்ணுக்குள் போய்விட்டது. காணிக்கை என்ற பேரைச் சொல்லித் தாய் தந்தையரைக் கைவிட்டவர்களை, மாற்கு சுவிசேஷம் ஏழாம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் கண்டிக்கிறார். அதை எத்தனையோ முறை பிரசங்கித்தவன் நான். பங்கு வேலை என்று நான் சொன்னதும் அந்த வகைதான் என்று பிந்தித்தான் உணர்ந்தேன்.

ஆகவே அந்தத் தம்பதியருக்கு என் பதில் இது. எல்லாம் இருக்கிறவர்களுக்கும் ஒரு குறை உண்டு: தங்களிடம் கேட்டுப் பெற ஒருவருமில்லை என்ற குறை. ஆயுள் முழுவதும் கொடுத்தே பழகியவர்களை வாங்குகிறவர்களாக மட்டும் உட்கார வைத்துவிட்டோம். கொடுக்கும் பாக்கியத்தை அவர்களுக்குத் திருப்பிக் கொடுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். பேரப்பிள்ளை கையில் பேனாவைக் கொடுத்து அருகில் உட்கார வையுங்கள். முன்னோர் பெயர்கள், முதல் ஜெபத்தைச் சொல்லிக்கொடுத்தது யார், இந்தக் கோவில் அன்று எப்படி இருந்தது என்று கேளுங்கள். ஒரே நாளில் முடிக்க அவசரப்படாதீர்கள். சொன்னதையே சொன்னால் இடைமறிக்காதீர்கள். தகப்பனுக்கு அறிவு தளர்ந்தாலும் பொறுமையாயிரு என்று சீராக் ஆகமம் மூன்றாம் அதிகாரம் கற்பிக்கிறது.

பெயர் மறந்துபோனால் பங்கு அலுவலகத்துக்கு வாருங்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோர் பெயரும் ஞானப்பெற்றோர் பெயரும் இருக்கும். வேறு பங்கில் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு அந்தப் பங்குக்கு நானே எழுதிக் கேட்கிறேன். அவர்கள் ஞானஸ்நானம் பெற்ற தேதி தெரிந்தால், அந்த நாளில் அவர்கள் பேரில் ஒரு பூசை ஒப்புக்கொடுங்கள். இறந்தபின் முப்பதாம் நாள் பூசைக்கு ஊரையே கூட்டுகிறோம். உயிரோடிருக்கும்போதே ஒரு பூசைக்குக் குடும்பம் முழுவதும் பக்கத்தில் வந்து முழந்தாளிடக் கூடாதா? 2021-ம் ஆண்டு பாப்பரசர் பிரான்சிஸ், ஜூலை மாத நான்காம் ஞாயிறை முதியோருக்கென ஏற்படுத்தினார். ஆண்டவரின் பாட்டன் பாட்டியான புனித சுவக்கீன், அன்னம்மாள் திருநாளை ஒட்டியே அந்த ஞாயிறு வருகிறது. அந்த நாளையாவது தவறவிடாதீர்கள்.

முதியோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. "எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். அப்போஸ்தலரான சின்னப்பரே வெட்கப்படாமல், வா என்று எழுதிக் கேட்டார். நீங்களும் வாய்திறந்து கேளுங்கள். நோட்டு வந்தால், தெரிந்ததையெல்லாம் சொல்லுங்கள்.

பிள்ளைகளே, சேலையும் எடுங்கள், பலகாரமும் வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் குளிர்காலத்துக்கு முன்னே போய்ச் சேருங்கள்.

இறைவன் உங்கள் இல்லங்களையும் அவற்றிலுள்ள முதியோரையும் ஆசீர்வதிப்பாராக! ஆமென்.