விரைவுத் தடமும் அதன் விலையும்



மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, எளிதாகத் தோன்றும் சொற்களே பெரும்பாலும் இடர் விளைவிக்கின்றன. அமெரிக்கர் தம் பெருஞ்சாலைகளுக்கு வழங்கும் 'பிரீவே' என்ற சொல் அத்தகையது. 'கட்டணமில்லாச் சாலை' என்று எழுதிவிடக் கை துடிக்கும். ஆனால் 1930-ஆம் ஆண்டில் அச்சொல்லைப் படைத்த எட்வர்ட் பாசெட் கருதியது பணத்தை அன்று. ஓரத்து மனைகளிலிருந்து நேரே நுழையும் உரிமை எவர்க்கும் இல்லாத, தடையற்ற சாலை என்பதையே அவர் குறித்தார். மக்களோ 'இலவசம்' என்ற பொருளையே மனத்தில் பதித்துக்கொண்டனர். ஆகவே, அச்சாலைகளில் ஒரு தடத்துக்கு விலை வைத்தபோது வாதம் மூண்டது வியப்பன்று.

அந்தத் தடம் எது? இருவரோ மூவரோ சேர்ந்து ஒரே காரில் செல்வோர்க்கும் பேருந்துகளுக்கும் ஒதுக்கப்பட்ட 'கார்பூல்' தடம். வண்டிகளை எண்ணாது மனிதரை எண்ணவேண்டும் என்பதே அதன் அடிப்படை. நல்ல எண்ணம், ஆயினும் நடைமுறையில் இரு குறைகள் தோன்றின. சில இடங்களில் அத்தடம் வெறிச்சோடிக் கிடந்தது. பக்கத்தில் ஊர்ந்துகொண்டிருந்தவர்கள் குமுறினர். வேறு சில இடங்களிலோ அதுவே நிரம்பி வழிந்து, பேருந்தும் சிக்கிக்கொண்டது.

முதற்குறைக்கு மருந்து தேடியது சான் டியேகோ நகரம். அங்கு 1988-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட எட்டு மைல் கார்பூல் தடத்தில், 1996-ஆம் ஆண்டு முதல், தனியே செல்வோரும் பணம் செலுத்தி நுழைய இசைவு அளிக்கப்பட்டது. முதலில் மாதச் சீட்டு. 1998-ஆம் ஆண்டிலிருந்து பயணத்துக்கு இவ்வளவு என்ற முறை. நெரிசல் மிகுந்தால் விலை ஏறும், குறைந்தால் இறங்கும். முகப்புப் பலகையில் விலையைக் கண்டு, செல்வதா வேண்டாமா என்று ஓட்டுநரே முடிவு செய்துகொள்ளலாம். நம் சுங்கச் சாவடிகளில் பாஸ்டாக் செய்யும் பணியை அங்கே பாஸ்ட்ராக் என்னும் கருவி செய்கிறது. ஆனால் வண்டி நிற்பதே இல்லை. கூட்டாகச் செல்வோர்க்குக் கட்டணமில்லை. கிடைத்த பணத்தில் ஒரு பகுதி அவ்வழியிலேயே பேருந்து விடப் பயன்பட்டது.

ஒரு சாலையில் பலித்தது, வட்டாரம் முழுமைக்கும் விரிந்தது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 270 மைல் வலைப்பின்னலுக்கு 2011-ஆம் ஆண்டில் மாநில ஒப்புதல் கிடைத்தது. அதில் 150 மைல், இருந்த கார்பூல் தடங்களின் மாற்றம். எஞ்சியது புதிய தடம். வலைப்பின்னல் எதற்கு? இடையில் அறுபடும் விரைவுத் தடம், மிச்சப்படுத்திய நேரத்தை அடுத்த நெரிசலில் இழந்துவிடும்.

எதிர்ப்போர் சொல்வதும் புறக்கணிக்கத்தக்கதன்று. வரிப்பணத்தில் எழுந்த சாலைக்கு இரண்டாம் முறை விலையா? இது செல்வர்க்கு விரித்த கம்பளமன்றோ? 'லெக்சஸ் தடம்' என்றே அதனை எள்ளுகின்றனர். 2011-ஆம் ஆண்டில் அட்லாண்டாவில், இருவர் சென்றால் இலவசமாயிருந்த தடத்தை, மூவர் சென்றால்தான் இலவசம் என மாற்றிக் கட்டணமும் வைத்தனர். தடம் காலியாயிற்று, பக்கத்துத் தடங்களில் நெரிசல் பெருகிற்று. மக்கள் கொதிக்கவே, ஆளுநர் தலையிட்டுக் கட்டணத்தைக் குறைக்கச் செய்தார்.

இவ்விரு கதைகளையும் சேர்த்து நோக்கினால் உண்மை விளங்கும். வீணாய்க் கிடந்த இடத்தை விற்பது வேறு. ஒருவர் துய்த்துவந்த உரிமையை எடுத்து விற்பது வேறு. குழந்தையைக் காப்பகத்திலிருந்து அழைத்துவர விரையும் ஏழைத் தாய்க்கும் என்றேனும் ஒருநாள் இத்தடம் உதவலாம் என்பர். மெய்தான், ஆனால் அவளுக்கு அது ஒருநாள், செல்வர்க்கு நாள்தோறும். லாஸ் ஏஞ்சல்ஸில் குறைந்த வருமானமுடையோர்க்குத் தொடக்கத்தில் 25 டாலர் சலுகை அளித்தது இவ்வேற்றுமையை உணர்ந்தே. எனினும் ஒருமுறைச் சலுகை நாள்தோறும் பயணம் செய்வோர்க்குப் போதுமா?

ஆகவே என் அளவுகோல் ஒன்றே. அத்தடத்தில் பேருந்து தடையின்றி ஓடுகிறதா? வசூலான பணம் அப்பேருந்தைச் சென்றடைகிறதா? ஆம் எனில், காரே இல்லாதவனுக்கும் அத்தடத்தில் பங்குண்டு. இல்லையெனில், 'பிரீவே' என்ற சொல்லை நான் எவ்வளவு திருத்தமாக மொழிபெயர்த்தாலும், அச்சாலையில் விடுதலை பெற்றது பணப்பை ஒன்றே.

நெரிசல் மிகுந்த நகரங்களில் வாழும் நேயர்களே, நாளை உங்கள் ஊரிலும் இத்திட்டம் வரலாம். வரும்போது, விலை எவ்வளவு என்பதோடு, அது யாருக்குச் சேர்கிறது என்றும் கேளுங்கள்.