கத்தி ஓய்ந்த பின்னர்

கெலிஓயாவிலிருந்து பேராதனை போதனா வைத்தியசாலைக்குச் செல்லும் தூரம் சொற்பமே. ஆயினும், சத்திரசிகிச்சைக்கென முதியவர் ஒருவரை அழைத்துச் செல்லும் குடும்பத்தினருக்கு அது நெடும்பயணம். அங்கே சம்மதப் பத்திரத்தில் கையொப்பமிடுகிறார்கள். அந்தச் சம்மதம் எதுவரை செல்லும் என்பதே இன்று நாம் சிந்திக்க வேண்டிய வினா.

எண்பது வயதுப் பெரியவர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். குடலில் துளை விழுந்து, அவசரச் சத்திரசிகிச்சை செய்யப்படுகிறது. அது நன்றாகவே முடிகிறது. மூன்றாம் நாள் நியூமோனியா கண்டு மூச்சுத் திணறுகிறது. செயற்கைச் சுவாசப் பொறி வேண்டும் என்கின்றனர். அவரோ, “போதும், டொக்டர் ஐயா; இனிக் குழாய் வேண்டாம்” என்கிறார்.

பொறி சில நாட்களுக்கே தேவைப்படலாம். பின் அவர் வீடு திரும்பவும் கூடும். தம் கையால் வயிற்றைத் திறந்த மருத்துவருக்கு, இடைவழியில் நிறுத்துவது கைவிடுவதாகவே தோன்றும். அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் கிரெட்சன் ஷ்வார்ஸும் சகாக்களும் 2010இல் இம்மனநிலையை ஆராய்ந்து எழுதினர். பெருஞ் சத்திரசிகிச்சைக்கு உடன்பட்டவர், அதன் பின்வரும் சிகிச்சைக்கும் உடன்பட்டார் என்றே மருத்துவர் கருதிவிடுகிறார்.

ஆனால், கத்திக்குத் தந்த சம்மதம் அனைத்துக்கும் தந்த சம்மதமாகாது. கண்ணியத்துடன் இறப்பதும் வாழ்வுரிமையின் பகுதியே என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9ஆம் நாள் தீர்ப்பளித்து, சிகிச்சை பற்றிய முன்விருப்பப் பத்திரத்தையும் ஏற்றது. அதற்கான கடினமான நடைமுறையை 2023இல் எளிதாக்கிற்று.

எனினும், கட்டிலருகே எழும் ஐயத்தைப் பத்திரம் மட்டும் தீர்த்துவிடாது. சத்திரசிகிச்சைக்குப் பின் முதியோருக்குச் சித்தத் தடுமாற்றம் நேர்வதுண்டு. தாங்கொணா வலியும், பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டோமே என்ற ஏக்கமும் ‘வேண்டாம்’ எனச் சொல்ல வைக்கலாம். ஆகவே, முதலில் வலியைத் தணித்து, காலம் இடந்தந்தால் மீண்டும் கேட்டல் வேண்டும். தெளிந்த மனத்துடன் அவர் மறுப்பாராயின், அதற்குத் தலைவணங்குவதே மருத்துவரின் கடமை. அது கைவிடுதல் அன்று. மூச்சுத் திணறலைத் தணிக்க மருந்துண்டு, பற்றிக்கொள்ளக் கையுமுண்டு.

இவ்வுரையாடல் தொடங்க வேண்டிய இடம் தீவிர சிகிச்சைப் பிரிவு அன்று, கையொப்பமிடும் மேசையே. “இத்தனை நாள் முயல்வோம், பயனில்லையேல் நிறுத்துவோம்” என்று அங்கேயே பேசி முடிவுசெய்யலாம். “ஐயா, எதைத் தாங்குவீர்கள்? எது வேண்டவே வேண்டாம்?” என்று மருத்துவர் கேட்கட்டும். அவர் கேட்க மறந்தால், நேயர்களே, நாம் சொல்லிவைப்போம்.