கேட்கும் உரிமையே மொழியுரிமை



மறைந்த நம் தோழரின் நினைவாக நடத்தும் இவ்வுரையை இந்த முறை நகரத்து அரங்கில் வைக்காமல் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தே வாழ்நாளைக் கழித்தவர் அவர். அந்த வேலையோடு சேர்ந்த பொருளையே இன்று எடுத்துக்கொண்டோம்: இந்திய மொழிகளும் அரசு அவற்றுக்குக் கொடுத்திருக்கும் இடமும். மொழி என்றதும் பெருமை பேசுவது நம் வழக்கம். இன்று கணக்குப் பார்ப்போம்.

1950-ல் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது எட்டாவது அட்டவணையில் 14 மொழிகள் இருந்தன. 1967-ல் சிந்தி சேர்ந்தது. 1992-ல் கொங்கணி, மணிப்புரி, நேபாளி சேர்ந்தன. 2003-ல் நிறைவேறிய 92-வது திருத்தத்தால் போடோ, டோக்ரி, மைதிலி, சந்தாலி சேர்ந்து 22 ஆயின. பழங்குடி மக்களின் மொழிகளான சந்தாலியும் போடோவும் உள்ளே வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

எந்த அளவுகோலில் சேர்க்கிறார்கள்? பேசுவோர் எண்ணிக்கை என்றால் 2011 கணக்கெடுப்பைப் பாருங்கள். சமஸ்கிருதத்தைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் 24,821 பேர். அது முதல் நாளிலிருந்தே அட்டவணையில் இருக்கிறது. பீலி மொழி பேசுவோர் ஒரு கோடிக்கு மேல். கோண்டி பேசுவோர் ஏறக்குறைய 30 லட்சம். இரண்டும் இன்றுவரை வெளியே நிற்கின்றன. எண்ணிக்கையைவிட, அந்த மொழியைப் பேசுபவர் யார் என்பதே வாசலைத் திறக்கிறது. இந்த வாசல் நமக்குப் பழக்கமானதுதான்.

அதே கணக்கெடுப்பில் மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 19,569. அவற்றைச் சலித்து 1,369 தாய்மொழிகளாக்கினார்கள். பிறகு 10,000 பேருக்கு மேல் பேசுபவற்றைத் தொகுத்து 121 மொழிகள் என்று வெளியிட்டார்கள். தொகுக்கும்போது சின்ன மொழி பெரிய மொழியின் கணக்கில் போய்விடும். 5 கோடிப் பேர் பேசும் போஜ்புரி இந்தியின் கணக்கில் இருக்கிறது. இந்தியின் எண்ணிக்கை அப்படித்தான் பெருத்தது என்று நாம் சொல்கிறோம், சரியாகவே சொல்கிறோம். ஆனால் அதே பட்டியலில் இருளர் மொழியும் எருகலர் மொழியும் தமிழின் கணக்கில் இருக்கின்றன. அதைப் பற்றி நம் மேடைகளில் பேச்சில்லை. இந்த ஆற்றுக் கழியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அவர்களுடைய மூத்தவர்கள் பேசும் மொழியின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தமிழின் உரிமைக்காக வடசென்னை கொடுத்த விலையை மறந்து இதைச் சொல்லவில்லை. 1938-ல் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டதை எதிர்த்துச் சிறை சென்றவர் நடராசன். தலித் இளைஞர். 1939 ஜனவரி 15 அன்று இறந்தார். அடுத்த மார்ச்சில் தாளமுத்து இறந்தார். இருவரும் மூலக்கொத்தளத்தில் உறங்குகிறார்கள். மொழிக்காக முதலில் உயிரைக் கொடுத்தது ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் வீடு. 1956-ல் தமிழ் இம்மாநிலத்தின் ஆட்சிமொழியானது. 2004-ல் செம்மொழியானது. நடராசனுடைய சனங்களுக்கு இதில் என்ன வந்து சேர்ந்தது என்று கேட்கும் கடமை நமக்கு இருக்கிறது.

இந்தக் கரையை வைத்தே கேட்போம். இங்கே அனல்மின் நிலையம் வந்தது, துறைமுகம் வந்தது, சாம்பல் வந்தது. 2017-ல் கப்பல்கள் மோதி எண்ணெய் வந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய் வந்து ஆற்றில் படிந்தது. பெரிய தொழிற்சாலை ஒன்று வருவதற்கு முன் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டு அறிவிக்கை சொல்கிறது. அந்த விதியின்படி, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் மட்டும் மாநில மொழியில் இருந்தால் போதும். முழு அறிக்கை ஆங்கிலத்திலேயே இருக்கலாம். ஆற்றின் ஆழம், வெந்நீர் விடும் இடம், சாம்பல் கொட்டும் இடம் எல்லாம் விவரமாக இருப்பது முழு அறிக்கையில்தான். ஆற்றை நம்பிப் பிழைப்பவருக்குக் கிடைப்பது சில பக்கச் சுருக்கம்.

2020-ல் இந்த விதிகளையே மாற்ற ஒன்றிய அரசு ஒரு வரைவைக் கொண்டுவந்தது. அது இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வந்தது. எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் 10 நாளில் மொழிபெயர்த்து வெளியிட வேண்டும் என்று ஜூன் 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், சட்டப்படி மற்ற மொழிகளில் வெளியிடும் கடமை தனக்கு இல்லை என்று வாதிட்டது. செம்மொழிப் பட்டம் பெற்ற தமிழால், தமிழ் பேசும் கரையின் தலையெழுத்தை மாற்றும் தாளைத் தமிழில் கேட்டு வாங்க முடியவில்லை.

நீதிமன்றமும் அப்படித்தான். அரசமைப்பின் 348-வது பிரிவுப்படி உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். குடியரசுத் தலைவரின் இசைவோடு மாநில மொழியையும் அனுமதிக்கலாம். ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் மாநிலங்களுக்கு இந்தியில் அந்த அனுமதி உண்டு. தமிழுக்காக 2006-ல் நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. கிடைக்கவில்லை. வன்கொடுமை வழக்கில் மேல்முறையீடு நடக்கும்போது பாதிக்கப்பட்ட குடும்பம் பின் வரிசையில் உட்கார்ந்து வக்கீலின் முகத்தைப் பார்த்துத்தான் வழக்கின் போக்கைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

சரி, எல்லாத் தாளும் நாளைக்கே தமிழில் வந்துவிட்டால் போதுமா? எந்தத் தமிழில் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. கடலிலிருந்து வீசும் காற்றைக் கொண்டல் என்றும் வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும் இந்தக் குப்பத்துப் பிள்ளைகூடச் சொல்லும். கூட்டத்தில் ஒரு மீனவர் எழுந்து காற்று, நீரோட்டம், முகத்துவாரம் தூர்ந்த கதை என்று அரைமணி நேரம் பேசினாலும், பதிவேட்டில் ‘வாழ்வாதாரம் குறித்துக் கவலை தெரிவித்தார்’ என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அவர் சொன்னது கவலை இல்லை, அறிவு. அந்த அறிவைப் பதிவு செய்யும் தமிழ் அலுவலகத்தில் இல்லை.

வடசென்னைப் பேச்சைச் சேரி பாஷை என்று சிரிப்பார்கள். சாவி, சன்னல், அலமாரி போர்ச்சுக்கீசியர் தந்தவை. அவை வீட்டுத் தமிழ். நாஷ்டா, பேஜார் உருதுவழி வந்தவை; அவை ரவுடித் தமிழ். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் கூட வேலை செய்தவர்களிடம் வாங்கிய சொற்கள் மட்டும் கேலிக்கு ஆளாவது ஏன்? 1992-ல் பாமாவின் ‘கருக்கு’ பேச்சுமொழியிலேயே வந்தபோதுதான் அந்தக் கதவு கொஞ்சம் திறந்தது. இன்னொரு பக்கம், நகரத்தைச் சுத்தம் செய்யும் அருந்ததியர், ஆதி ஆந்திரர் வீடுகளில் தெலுங்கு பேசுகிறார்கள். தெலுங்கும் செம்மொழிதான். அந்தப் பட்டம் அவர்கள் தெருவுக்கு வரவில்லை. அவர்களுடைய தெலுங்கு ‘அந்நியர்’ என்று சுட்டவே பயன்படுகிறது. மொழிக்குக் கிடைக்கும் மரியாதை சாதியைத் தாண்டிப் பேசுகிறவரிடம் வந்து சேருவதில்லை.

ஆகவே ஆட்சிமொழி என்பதை நாங்கள் இப்படிப் புரிந்துகொள்கிறோம். தன்னைப் பற்றி அரசு எழுதுவதைத் தனக்குப் புரியும் மொழியில் கேட்கவும், தான் சொல்வதைத் தன் சொற்களிலேயே பதியவைக்கவும் ஒரு மனிதருக்கு உள்ள உரிமை அது. டெல்லியிடம் இதைக் கேட்கும் தமிழ்நாடு, இருளருக்கும் நரிக்குறவருக்கும் இதையே கொடுக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை சில. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முன் முழு அறிக்கையும் தமிழில் வேண்டும் என்று ஊர்க் கூட்டத்தில் தீர்மானம் போட்டு ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அனுப்புங்கள். கூட்டம் முடிந்ததும், எழுதிய குறிப்பை மக்கள் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது இப்போதே விதியில் இருக்கிறது. வாசிக்காமல் யாரையும் எழுந்து போக விடாதீர்கள். விட்டுப்போனதை அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள். 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி கேட்கும்போது வீட்டில் பேசும் மொழியின் பெயரைக் கூச்சமில்லாமல் சொல்லுங்கள். கணக்கெடுப்பாளர் அதையே எழுதுகிறாரா என்று பாருங்கள். கழியில் வேலை செய்யும் இருளர் குடும்பங்களுக்கும் இதைப் போய்ச் சொல்லுங்கள்.

மனு எழுதிக் கொடுக்க எங்கள் மன்றத்துத் தோழர்கள் இன்று மாலை முழுவதும் இங்கேயே இருப்பார்கள். நீங்கள் சொல்வதை நீங்கள் சொன்னபடியே எழுதுவார்கள்.