விழா வாசலில் நிற்பவர்கள்

ஊர்ச் சனசமூக நிலையத்தின் ஆண்டு விழா. மாலை நான்கு மணிக்கே ஒலிபெருக்கி முழங்கத் தொடங்கிவிட்டது. தன் ஏழு வயது மகனுடன் பந்தல் வாசல்வரை வந்த தாயொருத்தி அங்கேயே நின்றுவிடுகிறாள். சிறுவன் இரு கைகளாலும் காதுகளைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். “பிள்ளை வளர்க்கத் தெரியாதவள்” என்று யாரோ முணுமுணுக்கின்றார். தாய் திரும்பிப் போகிறாள். அடுத்த ஆண்டு அவள் வருவதில்லை. அவள் வராததை எவரும் கவனிப்பதுமில்லை. எந்த ஊரிலும் நிகழக்கூடிய காட்சிதான் இது.

அச்சிறுவனின் அலறல் பிடிவாதமன்று. ஒலியையும் ஒளியையும் தொடுகையையும் மூளை ஏற்று ஒழுங்குபடுத்தும் முறை எல்லோரிடத்தும் ஒன்றாக இருப்பதில்லை. ஒருவர்க்கு உற்சாகமூட்டும் ஓசை இன்னொருவர்க்கு வேதனையாகலாம். 1943ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் லியோ கானர், பின்னர் ஓட்டிசம் எனப் பரவலாக அறியப்பட்ட நிலையைப் பற்றிப் பதினொரு பிள்ளைகளை ஆராய்ந்து எழுதினார். உரத்த ஓசைகள் அப்பிள்ளைகளைக் கலங்கச் செய்ததை அவர் அன்றே குறித்துள்ளார்.

இத்தகையோரை விழாவுக்கு வரவேற்பது எவ்வாறு? இதற்கு அவர்களே வழி காட்டியுள்ளனர். ஓட்டிசமுடையோர் தாமே அமைத்த சங்கமொன்று, 1996ஆம் ஆண்டு நியூயோர்க் மாநிலத்தில் ‘ஓட்றீற்’ என்னும் ஒன்றுகூடலைத் தொடங்கியது. அக்கூடல்களில் நிற அட்டைகள் வழக்கிற்கு வந்தன. சிவப்பு அட்டை அணிந்தவர் எவருடனும் பேச விரும்பாதவர். மஞ்சள் அணிந்தவர் தெரிந்தவருடன் மட்டும் பேசுபவர். பச்சை அணிந்தவரோ, பேச விரும்பினும் பேச்சைத் தொடங்க இயலாதிருக்கக் கூடியவர். சொல்லத் தடுமாறியதை அட்டை சொல்லிற்று.

2011ஆம் ஆண்டு ஒற்றோபரில், நியூயோர்க் நகரின் புரோட்வே அரங்கொன்றில் ‘லயன் கிங்’ இசை நாடகம் ஓட்டிசமுடையோர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்குமெனத் தனியே ஒருமுறை நடத்தப்பட்டது. கதையை மாற்றினார்களில்லை. திடுக்கிடச் செய்யும் ஒலிகளையும் கண்களைத் தாக்கும் ஒளிவீச்சுகளையுமே குறைத்தார்கள். முன்மண்டபத்தில் அமைதியான இடங்களை ஒதுக்கினார்கள்.

“மேளமும் வெடியுமில்லாத விழாவும் ஒரு விழாவா?” என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. மேளத்தை நிறுத்த வேண்டுவதில்லை. மேளம் எப்பொழுது, வெடி எப்பொழுது என்பதை அழைப்பிதழிலேயே அறிவித்தால் போதும். தாங்க இயலாதவர் அதற்கு முன்னரே விலகியிருந்து, பின்னர் திரும்புவர். பந்தலின் ஒரு பக்கத்தையேனும் ஒலிபெருக்கி இல்லாத பக்கமாக விடலாம். பாடசாலையில் விழா நடப்பின், கடைக்கோடி வகுப்பறையொன்றைத் திறந்து, பாய் விரித்து, விளக்கைத் தணித்து வைக்கலாம். இடையில் எழுந்து செல்வதையும் மீண்டும் வருவதையும் மரியாதைக் குறைவாகக் கொள்ளாதிருக்கலாம். மேடையேற அஞ்சும் மாணவனுக்கு அவனுடைய பரிசை மேடைக்குக் கீழே வந்து கொடுக்கலாம். இவற்றுக்கு வேண்டுவன ஒரு பாயும், ஓர் அறைத் திறப்பும், சிறிது முன்யோசனையுமே.

எனினும், எல்லார்க்கும் ஒரே மருந்து பொருந்தாது. இருளை விரும்பும் பிள்ளையும் உண்டு. இருளை அஞ்சும் பிள்ளையும் உண்டு. வெடிக்கு நடுங்கும் ஒருவன் தவிலின் அருகே மணிக்கணக்கில் மகிழ்ந்திருத்தலும் கூடும். ஆதலின், ஏற்பாட்டாளர் முதலிற் செய்யவேண்டியது கேட்டறிதலே.

இது இரக்கத்தால் இடும் பிச்சையன்று. 2006ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய சமவாயத்தின் 30ஆம் உறுப்புரை, பண்பாட்டு வாழ்விற் பங்குகொள்வதை அவர்களின் உரிமையாகக் கூறுகின்றது. இலங்கை 2016ஆம் ஆண்டு அச்சமவாயத்தை ஏற்றுறுதி செய்தது.

உரிமை ஏட்டில் இருந்தாற் போதாது. பந்தல் வாசலிலும் இருத்தல் வேண்டும். அடுத்த விழாவுக்கு ஒரு வாரம் முன்பாக, சங்கத்தார் ஒருவர் அந்தத் தாயின் படலையைத் திறந்து சென்று, “தம்பிக்கு என்ன வசதி செய்து தரவேண்டும், அம்மா?” என்று கேட்பாராயின், அன்றே அவ்வூரின் விழா தொடங்கிவிட்டதெனலாம்.