வயிற்று மாத்திரையும் நெஞ்சுப் படபடப்பும்

எங்கள் ஊர் திருக்கோகர்ணத்தில் கோயில் கொண்டிருக்கும் பிரகதாம்பாளை, அரைக்காசு அம்மன் என்று அழைப்பது வழக்கம். புதுக்கோட்டைத் தொண்டைமான் மன்னர்கள் தங்கள் குலதெய்வமான அந்த அம்பிகையின் திருவுருவைப் பொறித்துச் சிறு செப்புக் காசு வெளியிட்டார்கள். நவராத்திரியில் அரிசியோடு அக்காசையும் சேர்த்து வழங்கினார்கள். பொருளைத் தொலைத்தவர்கள் இந்த அம்மனுக்கு வெல்லம் வைத்து வேண்டிக்கொண்டால் அது திரும்பக் கிடைக்கும் என்பது மக்கள் நம்பிக்கை. நானும் ஒரு பொருளைத் தொலைத்தவன்தான். ஆனால் தொலைத்தது இன்னதென்பதே எனக்குத் தெரியாது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பணிக் காலத்தின் கடைசி ஆண்டுகளில் நெஞ்செரிச்சலும் புளியேப்பமும் என்னை வாட்டின. ஒரு டாக்டர் எட்டு வாரத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாளே எரிச்சல் தணிந்தது. எட்டு வாரம் முடிந்தது. மாத்திரை மட்டும் முடியவில்லை. பழைய சீட்டை மருந்துக் கடையில் நீட்டுவேன். பட்டை பட்டையாக வாங்கி வருவேன். இப்படி ஆறு ஆண்டுகள் ஓடின. பல் துலக்குவதும் மாத்திரை விழுங்குவதும் எனக்கு ஒன்றாகிவிட்டன.

பிறகு ஓர் இரவு, படுத்திருக்கையில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. நடுவே ஒரு துடிப்புத் தவறியது போலவும், அடுத்த துடிப்பு ஓங்கி மோதியது போலவும் இருந்தது. கெண்டைக்காலில் குரக்கு வலியும் சேர்ந்துகொண்டது. வயதாகிவிட்டது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். கோயில் படியேறும்போதும் அப்படியே அடித்துக்கொள்ளவே, என் மகள் வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றாள்.

இளம் பெண் டாக்டர் ஒருவர் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார். இரத்தசோகை உண்டா, தைராய்டுக் கோளாறு உண்டா என்று சோதித்தார். காப்பி எத்தனை வேளை என்று கேட்டார். இறுதியில், “ஐயா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?” என்றார். “ஒன்றும் இல்லை அம்மா, வயிற்றுக்கு ஒன்று மட்டும்” என்றேன். “எத்தனை நாளாக?” என்றார். என் விடையைக் கேட்டதும், இரத்தத்தில் மக்னீசியத்தின் அளவைப் பார்க்கச் சொன்னார். அது மிகவும் குறைந்திருந்தது. நான் தொலைத்த பொருள் அதுதான்!

நேயர்களே, மக்னீசியம் என்பது ஒரு தாதுச் சத்து. வளர்ந்த மனிதனின் உடல் முழுவதிலும் ஏறத்தாழ 25 கிராம்தான் உண்டு. அதிலும் பாதிக்கு மேல் எலும்பில் தங்கிவிடும்; நூற்றில் ஒரு பங்குகூட இரத்தத்தில் இராது. அம்மன் காசைப் போலச் சிறியது. ஆயினும் இருதயத்தின் மின்னோட்டம் ஒழுங்காக நடக்க அது இன்றியமையாதது. அது குறைந்தால் பொட்டாசியமும் சுண்ணாம்புச் சத்தும் உடன் குறையக்கூடும். துடிப்பும் தாளம் தப்பும்.

நான் விழுங்கிய மாத்திரை, ஓமிபிரசோல் என்னும் மருந்தின் இனத்தைச் சேர்ந்தது. சுவீடனில் கண்டறியப்பட்ட அம்மருந்து 1988இல் விற்பனைக்கு வந்தது. இரைப்பையில் அமிலம் சுரக்கும் வாயிலையே அது அடைத்துவிடும். குடற்புண்ணால் துன்புற்ற எத்தனையோ பேரை அது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் நெடுநாள் உட்கொள்ளும் சிலருக்குக் குடல், உணவிலுள்ள மக்னீசியத்தைச் சரிவர ஈர்த்துக்கொள்வதில்லை. 2006இல் மருத்துவர்கள் இதைப் பதிவு செய்தார்கள். 2011இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் உட்கொண்டவர்களுக்கே இக்குறை நேர்ந்திருந்தது. அவர்களுள் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு மக்னீசியம் கொடுத்தது மட்டும் போதவில்லை. மாத்திரையையும் நிறுத்த வேண்டியதாயிற்று. நீர் பிரியக் கொடுக்கும் மருந்தையும் உடன் உட்கொள்வோர் இன்னும் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

இதைக் கேட்டு யாரும் நாளைக் காலையில் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடலாகாது. திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்னிலும் மிகுதியாகப் பொங்கக்கூடும். இரைப்பையில் இரத்தக் கசிவு நேராதபடி காக்கவே அதை உட்கொள்வோரும் உளர். அவர்களுக்கு அது கவசம். படபடப்பெல்லாம் மாத்திரையால் வருவதும் அன்று. நெஞ்சுவலியோ, மூச்சுத் திணறலோ, மயக்கமோ சேர்ந்து வந்தால் ஆராய்ந்துகொண்டிராமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

எனக்கு மக்னீசியம் கொடுத்தார்கள். மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார்கள். இரவுச் சாப்பாட்டைப் படுக்கைக்கு மூன்று மணி நேரம் முன்பே முடித்துக்கொள்கிறேன். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கட்டை வைத்து உயர்த்தியிருக்கிறேன். காப்பி காலையில் ஒரு வேளையோடு சரி. கீரையும் கேழ்வரகும் நிலக்கடலையும் இலையில் இடம் பிடித்திருக்கின்றன. சில வாரங்களில் நெஞ்சு அமைதியடைந்தது.

முப்பது ஆண்டுகள் மாணவர்களிடம், “ஏன் என்று கேள்” என்று சொன்னவன் நான். ஆறு ஆண்டுகள் ஒரு மாத்திரையைப் பற்றி அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். “இது இன்னும் எனக்கு வேண்டுமா?” என்று அடுத்த முறை டாக்டரிடம் கேளுங்கள். அப்படிக் கேட்பது அவரை அவமதிப்பதாகாது.