மட்டாஞ்சேரியில் கார்த்திகை

மேனாடுகளில் அக்டோபர்த் திங்கள் 31ஆம் நாள் இரவு சிறுவர்கள் முகமூடி அணிந்து, வீடுவீடாகச் சென்று மிட்டாய் கேட்பது வழக்கம். மறுநாள் கிறித்தவப் புனிதர் அனைவருக்கும் உரிய திருநாள். அதற்கு முந்திய இந்த இரவை ஹாலோவீன் என்பர். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் முற்காலத்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து, அதனுள்ளே விளக்கேற்றி வைத்தார்கள். அந்நாடுகளிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள், அங்கே பூசணிக்காய் மலிந்திருக்கக் கண்டு அதனையே குடைந்துகொண்டார்கள். பண்டத்தை மாற்றினார்களேயன்றிப் பண்டிகையைக் கைவிடவில்லை. பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இந்தச் செய்தியில் ஒரு பாடம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் வீட்டுச் சிறுமி பள்ளியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பூசணிக்காயைக் கொண்டுவந்தாள். உள்ளே சிறு மின்விளக்கு எரிந்தது. "நமக்கு இதைப்போல ஓர் இரவு கிடையாதா?" என்று கேட்டாள். "கார்த்திகை இருக்கிறதே!" என்று சொல்ல வாயெடுத்தோம், ஆனால் வெட்கம் எங்களைத் தடுத்தது. மட்டாஞ்சேரிக்கு வந்தபின் எங்கள் வீட்டுக் கார்த்திகை எவ்வாறு நடந்தது? கடையில் வாங்கிய பொரியுருண்டைப் பொட்டலம் ஒன்று, கடையில் வாங்கிய மெழுகு விளக்குகள் ஆறு, பிறகு சாத்திய கதவு. அந்தக் குழந்தையின் கை எதனையும் தொட்டதில்லை. தொடாத ஒன்றை அவள் தன்னுடையது என்று எப்படி எண்ணுவாள்?

கார்த்திகை விளக்கீடு மிகப் பழைய விழா. அறுமீன் என்னும் கார்த்திகை விண்மீன் கூட்டத்தை முழுமதி சேரும் இரவில் தெருவிலே விளக்கு வைக்கும் வழக்கத்தை அகநானூறு காட்டுகிறது. மயிலாப்பூரில் பாடிய பதிகத்திலே திருஞானசம்பந்தரும் இவ்விழாவைக் குறிப்பிடுகிறார். இத்தனை நூற்றாண்டுகளைக் கடந்து வந்த ஒன்று, எங்கள் வாசற்படியில் ஆறு மெழுகுத் துண்டுகளாகச் சுருங்கிவிட்டதே என்று வருந்தினோம். அவ்வாண்டு எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்வது என்று முடிவு செய்தோம்.

தமிழர் இவ்வூருக்குப் புதியவர் அல்லர். கோட்டைக் கொச்சியின் வெளிப் பகுதியில் உள்ள சலவைக்கூடத்தில் இன்றும் தமிழ் ஒலிக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் துணி வெளுக்க அழைத்துவரப்பட்டவர்களின் வழிவந்தோர் அங்கே உழைக்கிறார்கள். அவர்கள் இப்போது வெளுக்கும் கூடம் 1976இல் கட்டப்பட்டது. வணிகத்திற்கும் வேலைக்கும் வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்களும் பல. எனினும் ஊர் பழகினாலும் கடைச்சொல் பழக நாளாகிறது.

முதலில் நெற்பொரி தேடினோம். "பொரி" என்று கேட்டதும் கடைக்காரர் அரிசிப் பொரியை அளந்து கொடுத்தார். நெல்லைப் பொரித்தது வேண்டும் என்று விளக்கியபோது, "ஓ, மலரோ!" என்று சிரித்தார். கோயிலில் அவலோடும் பழத்தோடும் வைக்கும் நெற்பொரிக்கு மலையாளத்தில் மலர் என்று பெயர். மல்லிகையாய் விரிந்த அந்தப் பொரிக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்! வெல்லத்திற்குச் சர்க்கரை என்றும், அகல் விளக்கிற்குச் சிராது என்றும் கேட்டால் கையில் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

பொரியுருண்டை செய்யும் முறையைச் சொல்கிறோம். ஐந்து டம்ளர் நெற்பொரிக்கு முக்கால் டம்ளர் பொடித்த வெல்லம் போதும். பொரியில் ஒட்டியிருக்கும் உமியைப் பொறுமையாக நீக்க வேண்டும். குழந்தைகளுக்கு ஏற்ற வேலை இது. வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மீண்டும் அடுப்பில் ஏற்றிக் காய்ச்சுக. பாகில் ஒரு துளியை எடுத்துத் தண்ணீரில் விட்டு உருட்டினால் அது கெட்டியாக உருள வேண்டும். அவ்வுருண்டையைத் தட்டில் போட்டால் 'டங்' என்று ஓசை எழ வேண்டும். அதுவே பதம். உடனே இறக்கி, சுக்குத்தூள், ஏலப்பொடி, நெய்யில் சிவக்க வறுத்த தேங்காய்ப் பல் ஆகியவற்றைச் சேர்த்து, பொரியின் மேல் ஊற்றிக் கிளறுக. கையில் அரிசிமாவைத் தொட்டுக்கொண்டு, சூடு ஆறுமுன் பிடித்துவிட வேண்டும்.

முதலாண்டு நாங்கள் பாகை இளம்பதத்தில் இறக்கிவிட்டோம். கொச்சியின் கடற்காற்றில் ஈரம் மிகுதி. மறுநாள் காலையில் உருண்டைகள் தளர்ந்து உதிர்ந்துவிட்டன. ஆகவே கடலோர ஊர்களில் வாழ்பவர்கள் பாகுபதத்தைச் சற்றும் விட்டுக்கொடுக்கலாகாது. ஆறியவுடன் காற்றுப் புகாத டப்பாவில் இட்டு மூடுவதும் இன்றியமையாதது. சுக்கைப் பற்றி மட்டும் எங்களுக்குக் கவலையே இல்லை. கொச்சிச் சுக்கு உலகச் சந்தையில் பெயர் பெற்ற சரக்கு. மிளகு வணிகர்களின் சங்கம் 1957இல் தோன்றியதும் இந்த மட்டாஞ்சேரியிலேதான். கடைத்தெருவில் நடந்தாலே சுக்கின் மணம் உடன் வரும்.

விளக்குக்கு வருவோம். புதிய மண் அகல்களைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து உலர்த்தினால், அவை எண்ணெயை அதிகம் குடிக்க மாட்டா. பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துத் திரி திரித்தோம். அன்றிரவு வாசலில் விளக்கு வரிசையை வைத்துக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டு அம்மையாரும் தம் முற்றத்தில் வாழைத்தண்டை நட்டு அதன்மேல் சிராது ஏற்றிக்கொண்டிருந்தார். அவர்களுக்கு அன்று திருக்கார்த்திகை! ஒரே விண்மீன், ஒரே முழுநிலவு, தெருவின் இருபுறமும் ஒரே விளக்கு. இத்தனை ஆண்டுகளாகக் கதவைச் சாத்திக்கொண்டிருந்ததால் இதனை நாங்கள் அறியவில்லை. நாங்கள் பொரியுருண்டை கொண்டுபோய்க் கொடுத்தோம். காய்ச்சில் கிழங்கும் சேம்பும் சேர்த்து வேகவைத்த கார்த்திகைப் புழுக்கு எங்கள் வீட்டிற்கு வந்தது. அன்றுமுதல் ஆண்டுதோறும் இந்தப் பண்டமாற்று நின்றதில்லை.

இனி மாவலி. இதுவே எங்களுக்குப் பெருஞ்சோதனை ஆயிற்று. ஆண் பனையின் பூக்காம்புகளை உலர்த்தி, குழியிலிட்டு எரித்து, தழல் அடங்குமுன் மூடிக் கரியாக்க வேண்டும். அக்கரியைத் தூளாக்கிப் பருத்தித் துணியில் இறுகச் சுற்றி, மூன்றாகப் பிளந்த பனைமட்டையின் நடுவே வைத்துக் கட்டி, நீண்ட கயிறு பிணைத்து, தணல் இட்டுச் சுழற்றினால் பொன்மலர் மழைபோலப் பொறி சொரியும். கொச்சியில் தெங்குக்குக் குறைவில்லை; பனைக்கு எங்கே போவது? தென்னஞ்சிரட்டைக் கரியைப் பொடித்துச் செய்து பார்த்தோம். நாலைந்து பொறி பறந்து அணைந்துவிட்டது. குழந்தைகளின் முகமும் அணைந்தது.

எங்கள் வீட்டில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த பெரியப்பா ஒருவர் இருந்தார். எழுபது வயதைக் கடந்தவர். அவர் ஒன்றும் பேசாமல், அடுத்த ஆண்டு பாலக்காட்டிலிருந்து பனம்பூக்காம்பும் மட்டையும் வருவித்தார். மாவலி கட்டி நாற்பது ஆண்டுகள் ஆயின என்றார். ஆனால் அவருடைய விரல்கள் எதனையும் மறக்கவில்லை. துணியை எத்தனை இறுக்கம் சுற்ற வேண்டும், மட்டையை எங்கே பிளக்க வேண்டும் என்று சிறுமியின் கையைப் பிடித்துக் காட்டினார். பாளை, மட்டை, தணல், பொறி என்னும் சொற்களை அவள் அன்று கற்றாள். எங்கள் வீட்டுத் தமிழில் அச்சொற்கள் வெகுநாளாக வழங்கவில்லை. அடுத்த கார்த்திகைக்குப் பெரியப்பா இல்லை. மாவலியை அவள்தான் கட்டினாள். அந்த ஓர் ஆண்டு தவறியிருந்தால், அந்தக் கைவினை எங்கள் குடும்பத்தை விட்டே போயிருக்கும்.

மாவலி சுற்றுவதற்குத் திறந்த வெளி வேண்டும். மேலே மின்கம்பி இருத்தலாகாது. பருத்தி உடை உடுத்தி, ஒரு வாளித் தண்ணீர் அருகில் வைத்து, பெரியவர் ஒருவர் முன்னிலையில்தான் சுற்ற வேண்டும். மாவலி என்னும் பெயரை மகாபலி மன்னனோடு சேர்த்துச் சொல்வோர் உண்டு. அதனைக் கேட்ட அண்டை வீட்டுப் பிள்ளைகள், "எங்கள் மாவேலியா?" என்று வியந்து தாமும் சுற்ற வந்தார்கள்.

இவ்வூரில் ஒளியின் பருவம் கார்த்திகையோடு முடிவதில்லை. 1568இல் எழுந்த யூதர் தொழுகைக்கூடம் நிற்கும் தெருவில், ஹனுக்கா என்னும் எட்டு நாள் விளக்குத் திருநாள் ஒருகாலத்தில் வீடுதோறும் நடந்தது. அக்குடும்பங்களில் மிகப் பெரும்பாலோர் இசுரேலுக்குச் சென்றுவிட்டார்கள். கொண்டாடும் கைகள் குறைந்தால் ஒரு தெருவின் விழா என்னவாகும் என்பதை அங்கே கண்ணாரக் காணலாம். அடுத்து, கிறிஸ்துமசுக்குக் காகித நட்சத்திரங்கள் வீடுகளில் தொங்கும். ஆண்டின் கடைசி இரவில், வைக்கோலும் பழந்துணியும் திணித்த பப்பாஞ்ஞி என்னும் கிழவனின் உருவத்தைக் கோட்டைக் கொச்சியில் எரித்துப் பழைய ஆண்டை வழியனுப்புகிறார்கள். தெருமுனைகளில் சிறுவர்களும் சிறு பப்பாஞ்ஞிகளைச் செய்வார்கள். எங்கள் வீட்டுப் பழைய வேட்டியில் திரிக்குப் போக மிஞ்சியது அதற்குச் சட்டையாகிவிடும்.

நேயர்களே, நீங்கள் பம்பாயில் இருக்கலாம், தில்லியில் இருக்கலாம், கல்கத்தாவில் இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய வேண்டுவதில்லை. வரும் கார்த்திகைக்கு ஒரு பண்டத்தையேனும் உங்கள் பிள்ளைகளின் கையால் செய்யுங்கள். செய்யும்போது அதன் பெயரைத் தமிழில் சொல்லிக் கொடுங்கள். கிடைக்காத பொருளுக்கு அவ்வூர்ப் பெயர் என்னவென்று கடைக்காரரைக் கேளுங்கள். வீட்டில் முதியவர் இருந்தால் அவரை இந்த ஆண்டே கேளுங்கள். விளக்கேற்றியபின் கதவை மட்டும் சாத்தாதீர்கள்.