தோற்பதற்கு ஒரு விளையாட்டா?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பரிசளிப்பு விழா மேடையில் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். நான் இன்று கணினி விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். "வாத்தியாருக்கு என்ன ஆச்சு?" என்று பின்வரிசையில் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

சென்ற ஆண்டு, செம்பனைக் குலை வெட்டும் தகப்பனார் ஒருவர் வேலை முடிந்த கையோடு என்னைத் தேடி வந்தார். அவர் மகன் அப்போது ஆறாம் ஆண்டு மாணவன். "சார், பிரிக்பீல்ட்ஸ்ல இருக்கிற அத்தை மகன் பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு குடுத்தான். அன்னையிலேர்ந்து பையன் அதுலயேதான் உக்காந்திருக்கான். 'ஜெயிச்சியாடா'ன்னு கேட்டா, 'தோத்துட்டேம்பா'ன்னு சொல்லிச் சிரிக்கிறான். தோக்கறதுக்கு ஒரு விளையாட்டா சார்?" என்று வருத்தப்பட்டார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். பையன் ஆடியது 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'. 1999-இல் வெளிவந்த விளையாட்டு அது. நானும் சிறுவயதில் கிள்ளானில் ஒரு சைபர் கஃபேயில் காசு கொடுத்து ஆடியதுதான். உணவு, மரம், பொன், கல் சேர்த்து, ஊரை வளர்த்து, படை திரட்டிப் போரிட வேண்டும். 2022-இல் இதில் திராவிடர் என்ற பிரிவையும், இராசேந்திர சோழன் வரலாற்றையும் சேர்த்தார்கள். "சார், கடாரம் எங்க சார் இருக்கு?" என்று பையன் கேட்டான். ஏறக்குறைய 1025-ஆம் ஆண்டில் சோழர் கடற்படை தாக்கிய கடாரம் நம் கெடா மாநிலம்தான் என்று சொன்னபோது, அவன் கண்கள் விரிந்ததைப் பார்க்க வேண்டுமே!

இந்த விளையாட்டில் எதிரியாக வரும் கணினிக்குச் சுலபம் முதல் மிகக் கடினம் வரை பல நிலைகள் உண்டு. சுலப நிலையில் எதிரி வெகுநேரம் கழித்துச் சிறு படையோடு மெல்ல வருவான். நாம் எத்தனை பிழை செய்தாலும் ஜெயித்துவிடலாம். பையன் அதில் பத்துப் பதினைந்து தடவை ஜெயித்திருக்கிறான். பிறகு அவனாகவே நிலையை உயர்த்தியிருக்கிறான். தோற்றான். மறுபடியும் தோற்றான்.

"ஏண்டா, ஜெயிக்கிற நிலையிலேயே ஆடக்கூடாதா?" என்றேன்.

"அதுல என்ன சார் இருக்கு? என்ன நடக்கும்னு முன்னாடியே தெரிஞ்சிடுதே" என்றான்.

பிறகு ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தை எடுத்துக் காட்டினான். ஏன் தோற்றோம் என்று ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு வரி எழுதி வைத்திருந்தான். அதில் ஒரு கணக்கு. ஒரு வேலையாளை உண்டாக்க 25 வினாடி, 50 உணவு வேண்டும். இடைவிடாமல் உண்டாக்கினால் பத்து நிமிடத்தில் 24 பேர். அவன் உண்டாக்கியதோ 13 பேர். ஐந்து பேருக்கு ஒரு வீடு கட்ட வேண்டும். வீடு கட்ட மறந்தால் புது ஆள் வரமாட்டான். 'வீடு கட்ட மறந்துட்டேன்' என்று நான்கு இடங்களில் எழுதியிருந்தான். இந்தப் பிழை சுலப நிலையிலும் இருந்ததுதான். அங்கே அதை யாரும் அவனுக்குக் காட்டவில்லை. வெற்றி அதை மூடி மறைத்துவிட்டது.

பெற்றோர்களே, அன்று நான் தலைகுனிந்தேன். ஏன் தெரியுமா? வகுப்பில் மலாய்மொழிப் பாடத்தில் பின்தங்கிய பிள்ளைகளுக்குச் சுலபமான கேள்விகளையே கொடுத்து வந்தவன் நான். பிள்ளை மனம் நோகக் கூடாதே என்ற எண்ணம். புத்தகம் முழுக்கச் சரி, சரி, சரி. பிள்ளைக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். ஆனால் ஆறாம் ஆண்டு முடிந்து படிவம் ஒன்றுக்குப் போனால், எல்லாப் பாடமும் தமிழில் இல்லாத ஒரு வகுப்பில் அந்தப் பிள்ளை உட்கார வேண்டும். நிலை திடீரென்று ஏறிவிடும். யு.பி.எஸ்.ஆர். தேர்வும் 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. பிழை எங்கே என்று நாம் முன்கூட்டியே காட்டாவிட்டால் வேறு யார் காட்டுவது?

மறுவாரமே அந்தப் பையனிடம் சொன்னேன்: "மலாய்க் கட்டுரைக்கும் இதே மாதிரி ஒரு புத்தகம் போடு. ஒவ்வொரு முறையும் எங்கே தோத்தேன்னு ஒரு வரி எழுது." முதல் கட்டுரையில் என் சிவப்பு மைதான் அதிகம். பன்னிரண்டாவது கட்டுரையில் அவன் நீல மை அதிகம். அவ்வளவுதான். பெரிய அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் சிவப்பு மையைக் கண்டு அவன் பயப்படுவதை விட்டுவிட்டான்.

இது நமக்குப் புதிதும் அல்ல. லயத்து வாசலில் கரியால் கட்டம் கிழித்து ஆடு புலி ஆட்டம் ஆடியவர்கள்தானே நம் பெரியவர்கள்! மூன்று புலி, பதினைந்து ஆடு. பேரனை ஜெயிக்க விட்டுக்கொண்டே இருக்கும் தாத்தாவிடம் அவன் எதைக் கற்பான்?

ஆனாலும் இரண்டு எச்சரிக்கை உண்டு. முதலாவது, படிப்படியாகத்தான் ஏற வேண்டும். எடுத்த எடுப்பில் உச்ச நிலைக்குத் தாவினால் ஏன் தோற்றோம் என்பதே புரியாது. ஒரு நிலையில் நன்றாக ஜெயித்த பிறகே அடுத்தது. இரண்டாவது, வீட்டுப்பாடம் முடிந்த பிறகு, நேரம் குறித்து ஆட வேண்டும். மணிக்கணக்கில் தூக்கத்தைக் கெடுத்து ஆடுவதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 'சிவிலைசேஷன் 6' என்று மற்றொரு விளையாட்டு. அதன் உச்ச நிலையில், நமக்கு ஊர் அமைக்க ஒரே ஒரு குடியேறிக் கூட்டம்தான். எதிரிக்கோ தொடக்கத்திலேயே மூன்று! அநியாயம்தான். ஆனால் அது ஆடுகிறவன் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய அநியாயம். நம் தோட்டத்துப் பிள்ளை வாழ்க்கையை ஒன்றோடு தொடங்குகிறது, பட்டணத்துப் பிள்ளை மூன்றோடு தொடங்குகிறது என்றால், அதை நம் பிள்ளை கேட்டு வாங்கவில்லை. "கஷ்டம் நல்லதுதான், பழகட்டும்" என்று சொல்லி நாம் கைகட்டி நிற்க முடியாது. பள்ளி நூலகத்துக்கு நாலு புத்தகம், வீட்டில் படிக்க ஒரு விளக்கு, ஒரு மேசை, கொஞ்சம் அமைதி. இவற்றைக் கொடுப்பது பெரியவர்கள் வேலை. கொடுத்த பிறகு, கடினமான கணக்கைப் பிள்ளையே போடட்டும். பக்கத்தில் உட்காருங்கள், பென்சிலைப் பிடுங்காதீர்கள்.

மாணவச் செல்வங்களே, இன்று பரிசு வாங்கியவர்களுக்கு என் வாழ்த்துகள். நீங்கள் ஒரு நிலையை ஜெயித்திருக்கிறீர்கள். நாளை அடுத்த நிலைக்குப் போங்கள். பரிசு வாங்காதவர்களே, இன்று இரவு ஒரு பழைய புத்தகத்தை எடுத்து ஒரே ஒரு வரி எழுதுங்கள். எங்கே தோற்றேன்? அந்த வரியை நாளைக் காலையில் என்னிடம் கொண்டு வந்து காட்டுங்கள். நான் காத்திருப்பேன்.